ஏழு வீட்டு அவரை

1

இந்தக் கதைக்கு மூலம் ஒரு வக்கீல் நோட்டீஸ். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். அதைத் தமிழில் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தவர் பொற்கொடி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் காய்கறி போடுகிறவர்; உழவர் சந்தையில் பல வருடமாக எனக்கு அவரைக்காய் நிறுத்துத் தருகிறவர். நான் கணபதியில், மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் குடியிருக்கிறேன். பம்புசெட் கம்பெனிகளின் கையேடுகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. ‘ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள்’ என்பதுதான் நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த வாக்கியம். கதை எழுதுவதெல்லாம் அதற்கு மேல் வருகிற கொழுப்பு.

நான் கதையும் எழுதுவேன் என்று தெரிந்த அன்று பொற்கொடி விடவில்லை.

“அப்ப இதையும் எழுதிப்போடுங்கக்கா. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னால எனக்குப் படிச்சுக் காட்டோணும்.”

சரி என்றேன். எழுதுகிற எவரும் கொடுக்கக்கூடாத வாக்கு அது. கொடுத்தாயிற்று. ஆகவே இதில் அடித்தல் திருத்தல் தெரிந்தால் அதில் பாதி பொற்கொடியுடையது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கிய காற்று அவரைப் பூக்களை மெல்ல வருடி—’

போனில் படித்துக் காட்டினேன். “காத்தடிச்சாப் பூக் கொட்டிப்போடுமுங்கக்கா. எங்களுக்கு அதுல சந்தோசம் ஒண்ணுமில்லீங்க” என்றார். விட்டுவிட்டேன். இன்னொரு சிக்கலும் இருந்தது. பொற்கொடியின் கணவர் பெயரும் வெள்ளியங்கிரிதான். மலை வாயைத் திறப்பதில்லை. இவர் அப்படி இல்லை.

அடுத்து, கொஞ்சம் அறிவாளித்தனமாக:

‘உலகெங்கும் விதையின் மீதான உரிமை யாருக்கு என்ற கேள்வி கடந்த சில பத்தாண்டுகளில்—’

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. பொற்கொடி எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை.

மூன்றாவதாக, நோட்டீஸில் இருந்ததை இருந்தபடியே போட்டேன்: ‘எங்கள் கட்சிக்காரரின் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் முத்திரை விதையை, எங்கள் கட்சிக்காரரின் அனுமதியின்றி, நீங்கள் மூன்றாம் நபர்களுக்கு விற்றிருக்கிறீர்கள்.’

“இது சரிங்க. இதக் கேட்டா வவுறு கலங்குது. இப்படியே ஆரம்பிங்க” என்றார் பொற்கொடி.

எப்படியோ ஆரம்பித்தாயிற்று.

3

நடந்தது இதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் பொற்கொடி ஒரு கம்பெனியின் செடி அவரை விதை ஒரு பை வாங்கிப் போட்டார். (கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எனக்கும் நான்கு பக்கம் வரும். எனக்கு அதை யார் மொழிபெயர்ப்பது?) பந்தல் தேவைப்படாத, இடுப்பு உயர அவரை. நன்றாகக் காய்த்தது. அதில் நோய் தாக்காத, காய்ப்பில் முந்திய செடிகளாகப் பார்த்துப் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிட்டார். சேலைத்துணி கட்டிய செடியில் யாரும் காய் பறிக்கக்கூடாது. அது விதைக்கு.

நெற்று காய்ந்து கலகலத்ததும் பறித்து, உரித்து, சொத்தை நீக்கி, நிழலில் ஆற்றி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து எடுத்து வைத்தார். அடுத்த வருடம் அதையே விதைத்தார். அந்தக் காய்தான் நான் சந்தையில் வாங்கியது. தன் அவரையைப் பற்றிப் பொற்கொடிக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பக்கத்துக் கடைக்காரர் காயைத் தொட்டுப் பார்த்தாலே முகம் சுளிப்பார். கேட்டவர்களுக்கு விதை கொடுத்தார். மொத்தம் ஏழு வீட்டுக்கு.

இதுவரை தப்பே இல்லை. சட்டமே அவர் பக்கம்தான் நிற்கிறது.*

தப்பு நடந்தது மரியாதையால்.

பொற்கொடி வகையறாவில் விதையைச் சும்மா வாங்கமாட்டார்கள். ஓசியில் வாங்கினால் முளைப்பு சரியிருக்காது என்று நம்பிக்கை. வாங்குகிறவர் ஒரு ரூபாய்க் காசை விதைப் பைமேல் வைத்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார். கொடுத்தவர் அந்தக் காசைச் செலவழிக்கமாட்டார். அது மாரியம்மன் நோம்பிக்கு உண்டியலில் போய் விழும்.

அடுத்தது பை. எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாலும் ஒரு பெரிய பை இருக்கும். அதற்குள் துணிக்கடைப் பை, நகைக்கடைப் பை, கல்யாணத் தாம்பூலப் பை என்று ஊர்ப் பையெல்லாம் இருக்கும். தூக்கிப் போட மனசு வராது. பொற்கொடி இதில் எல்லோரையும் மிஞ்சியவர். அந்தக் கம்பெனியின் விதைப் பை, உள்ளே வெள்ளித் தகடு ஒட்டி, வாயை அழுத்தி மூடுகிற மாதிரி கெட்டியாக இருக்கும். வண்டு ஏறாது, ஈரம் ஏறாது. மற்றவர்கள் வரப்பில் வீசிவிட்டுப் போன காலிப் பைகளையெல்லாம் பொறுக்கி, கழுவி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டு எடுத்து வைத்திருந்தார். ஒறம்பரைக்கு, வீடு தேடி வந்த உறவுக்கு, விதை கொடுக்கும்போது மளிகைக்கடை மெல்லிசுப் பையிலா கொடுப்பது? நல்ல பையில் போட்டுக் கொடுத்தார். பையின் முகத்தில் கம்பெனி முத்திரையும், ரகத்தின் பெயரும், அது பாதுகாக்கப்பட்ட ரகம் என்று சிவப்பு எழுத்தும் இருந்தன.

அப்படி வாங்கிப் போன ஒருவருடைய மரும—

[இந்த வாக்கியம் இதோடு நிற்கட்டும்.]

யாரோ ஒருவர் அந்தப் பையை, மேலே வைத்த ஒரு ரூபாய்க் காசோடு போட்டோ எடுத்து, ‘பொற்கொடியக்கா ஊட்டு வெதை, சூப்பர்’ என்று எழுதி வாட்சப்பில் விட்டார். பெருமைக்குத்தான். அது குரூப் குரூப்பாகச் சுற்றிக் கம்பெனியில் போய் நின்றது. காசு இருக்கிறது, ஆகவே விற்பனை. பையில் பெயர் இருக்கிறது, ஆகவே முத்திரை விதை. இரண்டையும் கூட்டி நோட்டீஸ்.

நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடித்ததும் பொற்கொடி கேட்டது ஒன்றுதான்.

“ஏனுங்கக்கா, நல்ல பையில குடுத்தது தப்புங்களா?”

* பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம், 2001. அதன் முப்பத்தொன்பதாம் பிரிவு, உழவர் தன் விளைச்சலை, விதை உட்பட, எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம் என்கிறது. மூச்சுவிடாமல் இத்தனை ‘லாம்’ சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு ‘கூடாது’ வைத்திருக்கிறது: பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை அந்தப் பெயரிட்ட பையில் போட்டு விற்கக்கூடாது. பொற்கொடி அத்தனை ‘லாம்’களையும் கடந்து நேராகப் போய் அந்த ஒரு ‘கூடாது’வில் கால் வைத்திருந்தார்.

4

நோட்டீஸ் கேட்டவை: இனி இந்த அவரை விதையை எடுத்து வைக்கமாட்டேன் என்று உறுதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டில் இருக்கும் விதையை ஒப்படைக்கவேண்டும். விதை வாங்கியவர்கள் எல்லோருடைய பெயரையும் முகவரியையும் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டு, இழப்பீடு. இழப்பீட்டுத் தொகையை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றரை ஏக்கரையும் விற்றால்கூடக் கட்டமுடியாது என்று தெரிந்தால் போதும்.

அந்த ஒன்றரை ஏக்கர், பொற்கொடி வம்சத்திலும் வெள்ளியங்கிரி வம்சத்திலும் முதல் நிலம். இரண்டு வீட்டிலும் அதுவரை எல்லோரும் ஊரார் தோட்டத்தில் களையெடுத்தவர்கள், மடை மாற்றியவர்கள், தேங்காய் உரித்தவர்கள்.

கையெழுத்து என்றபோதும், விதையைக் கொடு என்றபோதும் பொற்கொடி முகத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. பெயர் என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

“பேரு எதுக்குங்க அவங்களுக்கு?”

“அவங்களுக்கும் இதே மாதிரி நோட்டீஸ் விடறதுக்குத்தானுங்க அம்மணி.”

“அவிய என்ற ஊட்டுக்கு வந்து கைநீட்டி வாங்குனவியங்க. சோறு போட்டு அனுப்புனேன். அவிய பேரை நான் எப்படீங்கக்கா காட்டிக் குடுக்கறது?”

எனக்கு அந்த நேரத்தில் ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. புது ரகம் கண்டுபிடித்தவன் உழைத்திருக்கிறான், அவனுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பொற்கொடி காசு கொடுத்துத்தான் அந்த முதல் பையை வாங்கினார். அதற்குப் பிறகு மூன்று வருடம் வெயிலில் குனிந்து, நல்ல செடி எது கெட்ட செடி எது என்று பார்த்துத் துணி கட்டியது யாருடைய உழைப்பு? அதற்கு எந்தப் பையிலும் சிவப்பு எழுத்துக் கிடையாது. எடுத்து வைத்த விதையை மறுபடி விதைக்கலாம் என்று ஒரு சட்டம் நமக்கு அனுமதி தரவேண்டியிருப்பதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மழை பெய்யலாம் என்று யாராவது சட்டம் போடுவார்களா? [இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எடுக்கமாட்டேன்.]

5

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமாக இருக்கிற ஆள் தனபால்.

கம்பெனியின் ஏரியா அலுவலர். முதல் வரைவில் அவருக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, வெள்ளைக் காரில் இறக்கி, பொற்கொடி வீட்டுக் கோழியை மிதிக்க வைத்திருந்தேன். நிஜத்தில் அவர் வந்தது பழைய பைக்கில். வாசலில் செருப்பைக் கழற்றினார். மோர் வாங்கிக் குடித்தார், டம்ளரைத் தானே கழுவி வைத்தார். அன்னூர்ப் பக்கத்துக்காரர், பொற்கொடிக்கு முதல் பையை விற்றதும் அவர்தான்.

“ஒரே ஒரு கையெழுத்துங்கக்கா. வெதை வாங்குனவங்க பேரையெல்லாம் எழுதிக் குடுத்துப்போட்டீங்கன்னா உங்களை உட்டுருவாங்க. நானும் விவசாயி ஊட்டுப் பையந்தானுங்களே, உங்களுக்குக் கெட்டது சொல்லுவனுங்களா?”

எங்கள் பக்கம் மிரட்டலுக்கும் ‘ங்க’ உண்டு.

சரி, நிஜத்தில் இருக்கிற மாதிரியே அவரை நல்லவராக எழுதிவிடலாம், அவருக்கும் மேலே ஒரு அதிகாரி, அந்த அதிகாரிக்கும் மேலே ஒருவர், பாவம் இவர் என்ன செய்வார் என்று இரண்டு பக்கம் எழுதிப் படித்துக் காட்டினேன்.

“அக்கா, அவரக் கெட்டவராவே எழுதுங்க” என்றார் பொற்கொடி.

“டம்ளர் கழுவி வெச்சாரே?”

“வெச்சாருங்க. நீங்க அதை எழுதுனா, படிக்கறவங்க எல்லாம் ஐயோ தனபாலு பாவம்னு சொல்லிப்போட்டு என்னைய மறந்துபோடுவாங்க.”

ஆகவே தனபால் கெட்டவர். டம்ளர் விஷயத்தை நீங்கள் படிக்கவில்லை.

வெள்ளியங்கிரி விஷயம் வேறு. அவர் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார். தேங்காய்க் களத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பொற்கொடியோடு மல்லுக்கு நின்றார்.

“ஊருல இருக்கறவனுக்காக நாம கோர்ட்டுப் படி ஏறோணுமா? நாளைக்குத் தோட்டம் போச்சுன்னா அந்த ஏழு பேருல ஒருத்தன் வந்து நிப்பானா?”

“நிக்க மாட்டாங்க” என்றார் பொற்கொடி.

“பொறவு?”

“நின்னாத்தான் பேரைச் சொல்லாம இருக்கோணுமா?”

அவர் வெளியே போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டார். அன்று அவர் மேல் எனக்குக் கோபம். எழுத உட்கார்ந்தபோது கோபம் இறங்கிவிட்டது. முதல் நிலத்தைக் கையில் வைத்திருக்கிறவனுக்குத்தான் அதை இழக்கிற பயம் தெரியும். எனக்கு இழக்க இந்த மாடி வாடகை வீடு மட்டும்தான்.

6

[ஆறாம் பகுதியில் அந்த ஏழு வீடுகளையும் பற்றி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.

நல்ல பகுதி அது. என் எழுத்தில் அவ்வளவு தெளிவாக எதுவும் வந்ததில்லை. பெயரை எல்லாம் மாற்றித்தான் எழுதியிருந்தேன். ஒரு வீட்டில் பால் கறக்கும்போது மட்டும் உதைக்கிற ஒரு எருமை. பொற்கொடி கேட்டுவிட்டு, “அந்த எருமைய வெச்சே ஊட்டைக் கண்டுபுடிச்சுருவாங்கக்கா” என்றார். எருமையை எடுத்தேன். இன்னொரு வீட்டில் பச்சை பெயிண்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி. அதையும் எடுத்தேன். எடுத்து எடுத்து ஒன்றும் மிஞ்சவில்லை.

கதைக்கு விவரம்தான் உயிர் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். கம்பெனி வக்கீலும் அதையேதான் நம்புகிறார். கடைசியில் பொற்கொடி, “அவரைன்னே எழுதோணுங்களா?” என்று கேட்டார். யோசித்தேன். இது அவரையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தொண்டாமுத்தூரும் அப்படித்தான்.]

7

வக்கீல் முஜீப்பின் அலுவலகம் கோட்டைமேட்டில், அவருடைய அத்தா, அதாவது அப்பா, நடத்திய தையல் கடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. பொற்கொடியை அங்கே கூட்டிப் போனேன். நோட்டீஸைப் படித்தார், அந்த வாட்சப் போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“பயப்படாதீங்கம்மா. இது நிக்காத கேஸ். ஒத்த ரூபாய்க்கு ஒரு கிலோ அவரை வெதைய எந்தக் கிறுக்கன் விப்பான்? வழக்கத்துக்கு வெச்ச காசு, யாவாரம் இல்லைன்னு காட்டிட்டா முடிஞ்சது. வாங்குனவங்கள்ல ரெண்டு பேரு வந்து சாட்சி சொன்னாப் போதும்.”

“ஆருங்க வந்து?”

“வெதை வாங்குனவங்கம்மா. அவங்க பேரைச் சொல்லுங்க.”

பொற்கொடி என்னைப் பார்த்தார். கம்பெனியும் பெயர் கேட்கிறது, தன் வக்கீலும் பெயர் கேட்கிறார். அந்த ஏழு வீட்டிலும் இந்த விதையை மறுபடி எடுத்து வைத்திருக்கிறார்கள். சிலர் அடுத்தவருக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதே பையில். சாட்சிக் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை அங்கேதான் போகும். முஜீப்புக்கும் இது புரிந்தது.

“சரிம்மா, வேற வழியும் இருக்கு. இந்த ரகத்து மேல கம்பெனிக்கு உரிமை இருக்கறதே எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாமச் செஞ்ச விவசாயியத் தண்டிக்கக்கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. அழகா வெளிய வந்துடலாம்.”

பொற்கொடி கேட்டார்:

“தெரியாதுன்னு சொன்னா இந்தத் தடவை உட்டுருவாங்க, சரிங்க. அடுத்த வருசம் எனக்குத் தெரியுமில்லீங்களா? அப்ப நான் ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாதுங்களா?”

“அடுத்த வருசம் வேற பையில போட்டுக் குடுங்கம்மா” என்று சிரித்தார் முஜீப்.

“பையை மாத்திக்கறனுங்க. அது என்ற தப்பு, ஒத்துக்கறேன். ஆனாத் தெரியாமக் குடுத்தேன்னு சொல்ல மாட்டேனுங்க. தெரிஞ்சுதான் குடுத்தேன். வெதை இல்லாம வந்து நிக்கறவங்களுக்கு வெதை குடுக்கோணும்னு தெரிஞ்சுதானுங்களே குடுத்தேன்?”

முஜீப் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்தார். “சரி. அப்ப நீங்க சொல்லுங்க, இவங்க இங்கிலீஷ்ல எழுதட்டும், நான் சட்டத்தைச் சேத்துக்கறேன்” என்றார். பொற்கொடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:

“வெதைய எடுத்து வெச்சது நானுங்க. குடுத்ததும் நானுங்க. இனியும் எடுத்து வெப்பனுங்க, குடுப்பனுங்க. பை உங்களுது. வேணும்னா வந்து வாங்கிக்குங்க, கழுவித்தான் வெச்சிருக்கேன். வெதை என்ற தோட்டத்துல வெளஞ்சது. பேரு கேட்டா என்ற பேரு ஒண்ணுதானுங்க தெரியும்.”

ஆங்கிலத்தில் ‘ங்க’ கிடையாது. அதனால் கடிதம் பொற்கொடி சொன்னதைவிடக் காரமாகிவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) கோர்ட்டில் நீதிபதி கம்பெனியைக் கடிந்துகொள்கிறார். பொற்கொடி வெளியே வருகிறார். வெயில் அடிக்கிறது. படித்துவிட்டு முஜீப், “முதல் வாய்தாவுக்கே உங்க கதை அச்சாகிப் பழசாகியிருக்கும் மேடம்” என்றார்.

(ஆ) பொற்கொடி கையெழுத்துப் போட்டுவிடுகிறார். விதையைக் கம்பெனி ஆட்கள் வண்டியில் ஏற்றுகிறார்கள். காலியான விதைப் பானைக்குள் கையை விட்டு, ஒட்டியிருக்கும் சாம்பலைப் பார்த்து அவர் அழ—

இது நன்றாகவே வந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இந்த மாதிரி முடிவுக்குத்தான் பரிசு கொடுப்பார்கள். பொற்கொடிக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“என்னைய எதுக்குங்கக்கா அழ வெக்கறீங்க? நான் என்ன செத்தா போனேன்? நான் அழுதா ஆருக்கு லாபம்? தனபாலுக்குக்கூட லாபமில்லீங்க!”

(இ) தனபால் பத்திரத்தோடு வருகிற நாளில், அந்த ஏழு வீட்டுக்காரர்களும் வரப்பு வழியே நடந்து வந்து, ‘நான் வாங்கினேன்’, ‘நானும் வாங்கினேன்’ என்று ஒவ்வொருவராக நிற்கிறார்கள். இதைப் படிக்கும்போது என் குரலே கொஞ்சம் ஏறிவிட்டது. பொற்கொடி கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னார்:

“அப்ப கம்பெனிக்கு அலைச்சல் மிச்சமுங்க. ஊடு ஊடாப் போய்த் தேடாமயே ஏழு பேரும் கெடச்சாச்சு.”

மூன்றையும் அடித்துவிட்டேன்.

9

அடித்த பிறகு நிஜம் நடந்தது. என் கண் முன்னால் நடந்ததால் எழுதுகிறேன்.

ஆனி கடைசி. அந்த வாரம்தான் யானை வந்து பக்கத்து வாழைத் தோட்டத்தைச் சாய்த்துவிட்டு, போகிற போக்கில் பொற்கொடியின் வேலிக் கல்லையும் தள்ளிவிட்டுப் போயிருந்தது. நான் திருத்திய பிரதியைப் படித்துக் காட்டப் போயிருந்தேன். வெள்ளியங்கிரி கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தார். தனபால் வந்தார். கம்பெனிக்குப் பதில் கடிதம் போயிருந்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“கடைசித் தடவைங்கக்கா. இன்னிக்கு நான் வெறுங்கையோட போனா மேல கேஸ் போடச் சொல்லிப்போடுவாங்க.”

கயிற்றுக் கட்டிலில் பத்திரத்தை விரித்தார். உறுதிமொழி ஒரு பக்கம், கீழே கையெழுத்துக்கு இடம். அடுத்த தாளில் கட்டம் போட்டு, ‘விதை பெற்றவர் பெயர்’, ‘முகவரி’. பேனாவையும் மூடி கழற்றி வைத்தார்.

பொற்கொடி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். போட்டுவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளியங்கிரியும் வேலியை விட்டுவிட்டு வந்து நின்றார்.

முதல் தாளைத் தொடவில்லை. இரண்டாவது தாளில், முதல் கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி ‘பொற்கொடி’ என்று எழுதினார். இரண்டாவது கட்டத்திலும் ‘பொற்கொடி’. மூன்றாவதிலும்.

“இதென்னங்கக்கா, எல்லாத்துலயும் உங்க பேரு?”

“நீங்க புடிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க? இங்கயே இருக்கேன். நல்லா நிறுத்திப் புடிங்க.”

“கையெழுத்துங்க?”

“அது மாட்டனுங்க.”

நான்காவது, ஐந்தாவது. கை வலித்தது போல. பேனாவைக் கீழே வைத்துவிட்டு விரலை நீவினார். அப்போது வெள்ளியங்கிரி குனிந்து பேனாவை எடுத்தார். இப்போதாவது முதல் தாளில் கையெழுத்து விழும் என்று தனபால் அதை அவர் பக்கம் நகர்த்தினார். வெள்ளியங்கிரி அதை ஒதுக்கிவிட்டு, ஐந்து பொற்கொடிகளுக்குக் கீழே, ஆறாவது கட்டத்தில், கோணல்மாணலாக ‘வெள்ளியங்கிரி’ என்று எழுதினார்.

“ஏனுங்க, நீங்க எதுக்கு?” என்றார் பொற்கொடி. அவர் குரல் உடைந்தது. அழவில்லை. அழுதார் என்று நான் எழுதவில்லை.

“ஊட்ல அவ ஒருத்தி பேரு மட்டும் எழுதியிருந்தா, என்னைய எங்கேன்னு ஊரு கேக்குமல்லங்க?” என்றார் வெள்ளியங்கிரி. பொற்கொடியிடம் சொல்லவில்லை, தனபாலிடம் சொன்னார். பேனாவை மூடித் தனபாலின் சட்டைப் பையில் செருகிவிட்டு மறுபடி வேலிக்குப் போனார்.

தனபால் அந்தத் தாளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “வாரனுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

10

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வழக்குப் போட்டார்களா என்று கேட்பீர்கள். இதை எழுதி முடிக்கிற இன்று வரை தபால் எதுவும் வரவில்லை. நாளைக்கு வரலாம். வந்தால் முஜீப் இருக்கிறார், மொழிபெயர்க்க நான் இருக்கிறேன். ஆடி பிறந்துவிட்டது. விதை மண்ணுக்குள் போய்விட்டது. எந்த மண் என்று சொல்லப் போவதில்லை.

வரைவைப் படித்த நண்பர் ஒருவர், எல்லாம் சரி, கதை முடியவே இல்லையே என்றார். முடிக்கிற வேலை உங்களுடையது. ஜெயிக்க வைக்கிறீர்களோ, தோற்க வைக்கிறீர்களோ, உங்கள் இஷ்டம். பொற்கொடியை அழ வைக்காமல் இருந்தால் சரி. கேள்விப்பட்டால் உங்கள் வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிடுவார்.

அந்த நண்பர் இன்னொன்றும் கேட்டார். அந்த ஏழு வீட்டைப் பற்றி, எங்களை மாதிரி நம்பகமான ஆட்களுக்காவது, பெயர் வேண்டாம், ஊரை மட்டுமாவது சொல்லக்கூடாதா என்று. நல்ல மனுஷர். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள்.

சொல்ல மாட்டேனுங்க.